என்டர்பிரைஸா, செண்டிரியான் பெர்ஹாட்டா? ஒரு பூக்கடைக் கணக்கும் ஓர் ஏர்கோன் கணக்கும்

மே மாதம் பாதி தாண்டியதும் என் மேசைக்கு பிஸ்கட் டின்கள் வரத் தொடங்கிவிடும். பினாங்கில் மார்க்கெட் ஸ்திரீட்டைப் பழைய ஆட்கள் இன்னும் கடைத்தெரு என்றுதான் சொல்கிறார்கள். அந்த வட்டாரத்துச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. வியாபார வருமானம் உள்ளவர்கள் பாரம் பி என்ற வருமான வரிப் படிவத்தை அனுப்பக் கடைசி நாள் ஜூன் 30. இணையம் வழி அனுப்பினால் ஜூலை 15 வரை தாங்கும். சம்பளக்காரர்களின் பாரம் பிஇ ஏப்ரல் 30க்கே, இணையம் வழி என்றால் மே 15க்கே முடிந்துவிடும். ஆகவே மே, ஜூன் இரண்டு மாதமும் கடைக்காரர்களின் சீசன்.

பூக்கடை அக்காவின் டின்தான் எப்போதும் முதலில் வரும். போன முறை மூடியைத் திறந்து ஒரு கட்டு ரசீதை எடுத்தபோதே ரப்பர் பேண்ட் பொடிந்து விழுந்தது. மேலே இருந்த பதினைந்து ரசீதில் ஒரு எழுத்துகூட இல்லை. சூட்டில் அச்சாகும் தாள். கடையின் வெக்கையில் எல்லாம் வெளிறிப் போய்விட்டது. ஒன்றில் மட்டும் ஓரமாக '48.60' என்று மங்கலாகத் தெரிந்தது. எதற்கு 48.60, யாருக்கு 48.60 என்று அவருக்கும் தெரியவில்லை. கணக்குப் புத்தகத்தையும் ரசீதையும் ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்கிறது வருமான வரிச் சட்டம். இந்தத் தாளோ ஏழு மாதம்கூட நிற்காது.

அந்தக் கவலையெல்லாம் அக்காவுக்கு இல்லை. அவர் கடை என்டர்பிரைஸ், அதாவது தனி ஆள் பதிந்து நடத்தும் வியாபாரம். அதைச் செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி ஆக்கலாமா என்பதுதான் அவர் கேள்வி. "தம்பி, நானும் செண்டிரியான் பெர்ஹாட் ஆக்கிடலாமா? கொழுந்தன் சொல்றான், கம்பெனின்னா வரி 15 விழுக்காடுதானாம். நம்ம மாதிரி ஆளுங்களுக்கு 25 போடுறாங்களாம்."

அதே வாரம் புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து ஏர்கோன் வேலை செய்யும் தம்பி ஒருவர் வந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் பராமரிப்பு வேலை எடுப்பவர். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். அக்காவிடம் வேண்டாம் என்றேன், தம்பியிடம் மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆளுக்கு ஒரு மாதிரி பேசுகிறேன் என்று புகார் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொழுந்தன் சொன்னது பொய்யில்லை, ஆனால் அரைகுறை. 2023 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து சிறு கம்பெனிக்கு முதல் 150,000 வெள்ளி (ரிங்கிட்) லாபத்துக்கு 15 விழுக்காடு, அதற்கு மேல் 600,000 வரை 17, அப்புறம் 24. செலுத்திய மூலதனம் 25 லட்சம் வெள்ளிக்கு மிகாமலும் ஆண்டு வியாபார வருமானம் 5 கோடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். வெளிநாட்டவரின் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது 2024இலிருந்து சேர்ந்த நிபந்தனை. நம் ஊர்க் கடைகளுக்கு இதெல்லாம் தடையே இல்லை.

தனி ஆளுக்கு வரி படிப்படியாக ஏறும். முதல் 5,000 வெள்ளிக்கு ஒன்றுமில்லை. 20,000 வரை 1 விழுக்காடு, 35,000 வரை 3, 50,000 வரை 6, 70,000 வரை 11, 100,000 வரை 19. அதைத் தாண்டி 400,000 வரைதான் அந்த 25. பலர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். '25க்குள் வந்துவிட்டேன்' என்றால் மொத்த வருமானத்துக்கும் 25 என்று நினைத்துக்கொள்கிறார்கள். வரிக்குரிய வருமானம் சரியாக 100,000 என்றால் கட்ட வேண்டியது 9,400 வெள்ளி. அதாவது பத்து விழுக்காடுகூட இல்லை. கம்பெனியின் 15 விழுக்காடோ முதல் வெள்ளியிலிருந்தே ஆரம்பிக்கிறது.

சரி, அக்காவின் கணக்கைப் போடுவோம். ஆண்டு லாபம் 120,000 என்று வையுங்கள். சொந்தக் கழிவு 9,000, வருமானம் இல்லாத கணவருக்கு 4,000, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளுக்கு 4,000, ஆயுள் காப்புறுதிக்கு 3,000. ஆக 20,000 கழிந்து 100,000 மிச்சம். வரி 9,400.

இதையே கம்பெனியாக்கி, அக்கா மாதம் 5,000 சம்பளம் எடுக்கிறார் என்போம். சம்பளம் 60,000. முதலாளி கட்டும் இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி, 13 விழுக்காடு, 7,800. கம்பெனி செக்ரட்டரி, கணக்கு, ஆடிட், வரி ஏஜென்ட் எல்லாம் சேர்த்து 8,000 என்று வைத்துக்கொள்கிறேன். இது என் கைக்கணக்கு, இடத்துக்கு இடம் மாறும். கம்பெனியின் லாபம் 44,200, அதற்கு வரி 6,630. சம்பளத்தில் அதே கழிவுகளோடு இபிஎஃப் கழிவு 4,000 சேர்ந்து 36,000க்கு வரி 660. இரண்டும் சேர்த்து 7,290. வரியில் 2,110 வெள்ளி மிச்சம். அதற்காகச் செலவழித்தது 8,000. கொழுந்தன் இந்த 8,000ஐச் சொல்லவே இல்லை.

தம்பியின் லாபம் 300,000. குடும்ப நிலவரம் அக்காவுக்குக் கிட்டத்தட்ட அதேதான், கழிவு 20,000. தனி ஆளாக 280,000க்கு வரி 54,400 வெள்ளி. கம்பெனியாக்கி மாதம் 8,000 சம்பளம் போட்டால் ஆண்டுக்கு 96,000. சம்பளம் 5,000ஐத் தாண்டுவதால் முதலாளி இபிஎஃப் 12 விழுக்காடு, 11,520. அவருடைய வேலை பெரியது, ஆடிட்டும் அதிகம் கேட்கும். செலவுக்கு 12,000 வைக்கிறேன். மிஞ்சுவது 180,480, அதற்குக் கம்பெனி வரி சுமார் 27,680. சம்பளத்துக்கு 4,080. மொத்தம் 31,760 பக்கம் வருகிறது. வரியில் 22,600 குறைகிறது. செலவு 12,000 போக 10,600 கையில். முதலாளி கட்டிய இபிஎஃப் 11,520 எங்கேயும் போகவில்லை, அவர் பெயரில்தான் இருக்கிறது.

இரண்டு கணக்கையும் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தால், கோடு 150,000க்கும் 200,000க்கும் நடுவில் எங்கோ விழுகிறது. 150,000இல் கம்பெனி இன்னும் நஷ்டம்தான். 200,000இல் இரண்டாயிரம் மூவாயிரம் மிச்சமாகும். அந்த மிச்சத்துக்காகத் தலைவலியை வாங்கலாமா என்பது அவரவர் பாடு. நானென்றால் வாங்க மாட்டேன்.

வரி விகிதத்தை வைத்து முடிவெடுக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: லாபத்தில் எவ்வளவை நீங்கள் தொடாமல் விடுவீர்கள்? லாபத்தை உள்ளேயே விட்டு லாரி வாங்க, ஆள் எடுக்க நினைப்பவருக்குக் கம்பெனியின் 15 விழுக்காடு பெரிய லாபம். வருகிற காசு முழுவதும் வீட்டுக்குப் போகிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை. அக்காவின் கல்லாப்பெட்டியில் காலையில் இருக்கும் காசு மாலைக்குள் மகளின் டியூஷன், மாமியாரின் மருந்து, மறுநாள் மல்லிகை என்று மூன்றாகப் பிரிந்துவிடும். என்டர்பிரைஸில் அதில் தப்பே இல்லை. அவர் எடுப்பது செலவாகக் கழியாது, அவ்வளவுதான். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் லாபம் முழுவதற்கும் வரி. ஆனால் ஏன் எடுத்தீர்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

கம்பெனியில் அப்படி முடியாது. தம்பி மாறிய முதல் மாதமே நடந்தது இது. கம்பெனிக் கணக்கிலிருந்து 3,000 வெள்ளி வெளியே போயிருந்தது, ரசீது இல்லை. போன் போட்டேன்.

"அது மோட்டார் மாத்தினேன் அண்ணே."

"கம்பெனி வேலைக்கா?"

"இல்ல, மச்சானுக்கு."

"அப்போ கம்பெனி உங்களுக்குக் கடன் கொடுத்ததா எழுதறேன். திருப்பிப் போட்டுடுங்க."

"என் காசுதானே அண்ணே?"

அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். கம்பெனி தன் சொந்தப் பணத்திலிருந்து இயக்குநருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தால், வட்டி வந்ததாகவே வைத்துக் கம்பெனிக்கு வரி போட சட்டத்தில் இடம் இருக்கிறது என்று விளக்கினேன். பணத்தை வெளியே எடுக்க ஒழுங்கான வழி இரண்டு. ஒன்று சம்பளம், இன்னொன்று இலாப ஈவு. ஈவுக்கு முன்பு தனியாக வரி கிடையாது. 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் ஒருவர் பெறும் ஈவு 100,000 வெள்ளியைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 2 விழுக்காடு. தம்பிக்கு வரி போக மிஞ்சும் 152,000 சொச்சத்தையும் ஒரே ஆண்டில் எடுத்தால் ஆயிரம் வெள்ளிக்குக் கொஞ்சம் மேல் வரும். அவர் எடுக்கப் போவதில்லை, லாரி வாங்கப் போகிறார்.

இனி காகித வேலை. என்டர்பிரைஸ் பதிய, கம்பெனிகள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் வணிகப் பெயர் என்றால் ஆண்டுக்கு 60 வெள்ளி, அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயர் என்றால் 30. வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். அப்புறம் ஆண்டுக்கொரு பாரம் பி. இடையில் வருமான வரி வாரியமான ஹாசிலிலிருந்து சிபி500 என்று ஒரு கடிதம் வரும். போன வருமானத்தை வைத்து இந்த ஆண்டு வரியை மார்ச்சிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஆறு தவணையாகக் கட்டச் சொல்வது அது. இதை விளம்பரக் கடிதம் என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். தவணை தவறினால் அந்தத் தொகைக்குப் பத்து விழுக்காடு கூடும். வியாபாரம் படுத்துவிட்டால் தவணையைக் குறைக்கச் சொல்லி ஜூன் 30க்குள் கேட்கலாம்.

கம்பெனி பதிய 1,000 வெள்ளி. 2016ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் வந்த பிறகு ஒரே ஆள் இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருக்கலாம். முன்பு போல மனைவியைக் கையெழுத்துக்கு மட்டும் இயக்குநராக்க வேண்டியதில்லை. ஆனால் 30 நாளுக்குள் கம்பெனி செக்ரட்டரியை நியமித்தாக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பதிந்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஆண்டு அறிக்கை, அதற்கு 150 வெள்ளி. நிதி அறிக்கை தனி. கணக்கு ஆண்டு முடிந்த ஏழு மாதத்துக்குள் பாரம் சி. வரியை முன்கூட்டியே மதிப்பிட்டு சிபி204 கொடுத்து மாதாமாதம் கட்ட வேண்டும். புதிய சிறு கம்பெனிக்கு முதல் இரண்டு மதிப்பீட்டு ஆண்டுக்கு இந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கு உண்டு. மூன்றாம் ஆண்டில் ஒரேயடியாக வந்து நிற்கும், அதற்கு இப்போதே காசு ஒதுக்கி வையுங்கள். மதிப்பீடு உண்மையான வரியைவிட 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்து போனால் அதற்கும் தண்டம்.

ஆடிட் செலவில் மட்டும் ஒரு நல்ல சேதி. 2025இலிருந்து தனியார் கம்பெனிகளுக்கு ஆடிட் விலக்கின் வரம்பைப் படிப்படியாக உயர்த்துகிறார்கள். விற்பனை, சொத்து, ஆள் எண்ணிக்கை என்ற மூன்றில் இரண்டில் தேறினால் போதும். முதல் கட்டம் 10 லட்சம் வெள்ளி விற்பனை, 10 லட்சம் சொத்து, 10 ஆள். 2027இல் இது 30 லட்சம், 30 லட்சம், 30 ஆள் என்று ஆகும். அப்போது நான் மேலே போட்ட 8,000 குறையலாம், கோடும் கொஞ்சம் கீழே இறங்கலாம். வங்கி கடன் கொடுக்கும்போது ஆடிட் செய்த கணக்கைக் கேட்டால் இந்த விலக்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எது எடுத்தாலும் மாறாத இரண்டு விஷயங்கள் உண்டு, இவற்றுக்காகக் கம்பெனி ஆக்குகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒன்று சேவை வரி. அது யார் பெயரில் கடை இருக்கிறது என்று பார்க்காது, விற்பனையைத்தான் பார்க்கும். தொழிற்சாலைகளுக்குச் செய்யும் பராமரிப்பு, பழுதுபார்ப்பு வேலைகள் 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காட்டுச் சேவை வரிக்குள் வந்துவிட்டன. 12 மாதத்தில் 500,000 வெள்ளியைத் தாண்டினால் சுங்கத் துறையில் பதிய வேண்டும். சாப்பாட்டுக் கடைக்கு வரம்பு 15 லட்சம், விகிதம் 6. இன்னொன்று மின்-விலைப்பட்டியல். அதுவும் விற்பனைக் கணக்குதான்: ஆண்டுக்கு 10 லட்சம் வெள்ளிக்குக் கீழ் இருந்தால் விலக்கு. தம்பி அதைத் தாண்டிவிட்டார், அக்கா பக்கத்தில்கூட இல்லை.

கடன் பிரச்சினைக்கு வருவோம். என்டர்பிரைஸ் வேறு, ஆள் வேறு இல்லை. கடை கடனில் மூழ்கினால் வீடும் சேர்ந்து ஆடும். கம்பெனி தனி ஆள்; அதன் கடன் அதோடு. காகிதத்தில் அப்படி. நிஜத்தில் வங்கிக்காரர் இயக்குநரின் சொந்த உத்தரவாதக் கையெழுத்தை வாங்காமல் சின்னக் கம்பெனிக்குக் கடன் கொடுப்பது அபூர்வம். வரிக் கடனில் இந்தச் சுவர் இன்னும் மெல்லியது: நிர்வாகத்தில் இருந்துகொண்டு 20 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் இயக்குநரிடமே கம்பெனியின் வரியை வசூலிக்க வருமான வரிச் சட்டம் வழி விடுகிறது. வரி பாக்கியோடு நாட்டைவிட்டு வெளியே போக முடியாதபடி தடுக்கவும் அதிகாரம் உண்டு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் இருந்தவர் மறுமாதம் பழனிக்குப் புறப்பட்டு விமான நிலையத்திலேயே நிற்க நேரலாம். ஆனாலும் தம்பிக்கு இந்தச் சுவர் தேவை. கூரையில் ஏறி வேலை செய்யும் ஆட்கள், யாருடைய தொழிற்சாலையிலோ இயந்திரம் நின்றுபோகும் ஆபத்து, இதெல்லாம் அவர் தொழிலில் உண்டு. அக்காவின் மாலையால் யாருக்கு என்ன நஷ்டம் வந்துவிடும்? போதாக்குறைக்குத் தம்பியின் பெரிய வாடிக்கையாளர்கள் செண்டிரியான் பெர்ஹாட் பெயருக்குத்தான் வேலை கொடுப்போம் என்று சொல்லியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், பாதி முடிவு அங்கேயே எடுத்தாகிவிட்டது, வரிக் கணக்கு பிறகு வந்ததுதான்.

சம்பள வேலையில் இருந்துகொண்டே பக்கத்தில் கேக், முறுக்கு என்று தொடங்குகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. இவர்கள் முதல் ஆண்டிலேயே கம்பெனி பதிவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். தொடக்கத்தில் நஷ்டம் வருவது இயல்பு. என்டர்பிரைஸ் என்றால் அந்த ஆண்டு நஷ்டத்தைச் சம்பளத்திலிருந்து கழிக்கலாம். வரிக்குரிய சம்பளம் 60,000 என்றால் வரி 2,600. வாடகை, மாவு, ஆள் கூலியில் 15,000 நஷ்டம் என்றால் 45,000க்கு 1,200 கட்டினால் போதும். கம்பெனியாக இருந்தால் நஷ்டம் கம்பெனிக்குள்ளேயே கிடக்கும், சம்பளத்துக்கு முழு வரி. ஒரு எச்சரிக்கை: அடுப்பும் மாவு பிசையும் இயந்திரமும் வாங்கிய காசு இந்த நஷ்டத்தில் சேராது. அதற்கு மூலதனக் கழிவு தனியாக உண்டு, அது அதே வியாபாரத்தின் லாபத்தில் மட்டும்தான் கழியும். கழியாத நஷ்டத்தைப் பத்து ஆண்டு வரை கொண்டுபோகலாம். ஆனால் பிறகு கம்பெனிக்கு மாறினால் பழைய நஷ்டம் கூடவே வராது. சட்டப்படி அது வேறு ஆள்.

இரண்டு பேர் சேர்ந்து செய்தால் பிஎல்டி என்ற வரையறுக்கப்பட்ட கூட்டாண்மை ஒன்று உண்டு. பதிய 500, ஆண்டு அறிவிப்புக்கு 200, ஆடிட் கட்டாயமில்லை, வரி விகிதம் சிறு கம்பெனியைப் போலத்தான். நல்ல ஏற்பாடு. நம் ஆட்களில் கேட்பவர்கள் குறைவு, வங்கியிலும் கடையிலும் அது என்ன என்று விளக்கிக் களைத்துப் போகிறார்கள்.

மூடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இதில் சூடு பட்டவன் நான். பல வருடங்களுக்கு முன், பழைய சட்டத்தில், நண்பனோடு சேர்ந்து இரண்டு வெள்ளி மூலதனத்தில் ஒரு கம்பெனி தொடங்கினேன். எட்டு மாதத்தில் வியாபாரம் நின்றது. கம்பெனியும் நின்றுவிட்டது என்று நினைத்து மறந்துவிட்டேன். கணக்கு எழுதுகிறவன்தான், இருந்தும். தூங்கும் கம்பெனியும் ஆண்டு அறிக்கை அனுப்ப வேண்டும், பாரம் சி அனுப்ப வேண்டும். தண்டக் கடிதங்கள் நண்பனின் பழைய வீட்டு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் கட்டிய தண்டத்தில் ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம். என்டர்பிரைஸை நிறுத்த எஸ்எஸ்எம்மில் ஒரு அறிவிப்பு போதும். கம்பெனியின் பெயரை நீக்க, கடன் இல்லை, வரி பாக்கி இல்லை என்று எல்லாவற்றையும் துடைத்துக் காட்ட வேண்டும்.

தம்பி ஜனவரி முதல் தேதியிலிருந்து மாறினார். பழைய கணக்கு டிசம்பரோடு முடிந்ததால் இரண்டையும் கலக்காமல் எழுத முடிந்தது. வேன், கருவிகள் எல்லாம் கம்பெனிக்கு விற்றதாக ஒப்பந்தம். மாநகர் மன்ற லைசன்ஸ், வங்கிக் கணக்கு, காப்புறுதி எல்லாம் புதிதாக. மூன்று மாதம் அலைந்தார்.

அக்கா என்டர்பிரைஸாகவே இருக்கிறார். நான் செய்யச் சொன்னது மூன்று வேலை. கடைக்குத் தனி வங்கிக் கணக்கு. மாலையில் கடை சாத்தும் முன் அன்றைய ரசீதுகளைப் போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்புவது. கோயிலுக்குக் கொடுக்கும் நன்கொடை ரசீதில் பிரிவு 44(6) அங்கீகாரம் அச்சடித்திருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் புண்ணியம் உண்டு, கழிவு இல்லை. கூடவே, இபிஎஃப் கட்டுகிற முதலாளி இல்லாததால், சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கான இபிஎஃப் திட்டமான ஐ-சாரானில் அவராகவே போடச் சொன்னேன். போட்டதில் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை அரசாங்கம் சேர்க்கிறது. முதல் இரண்டும் நடக்கின்றன. மூன்றாவதைக் கேட்டதும் அர்ச்சகரிடம் எப்படித் தம்பி கேக்கிறது என்று சிரித்தார். ஐ-சாரான் தீபாவளிக்கு அப்புறமாம்.